இந்த அறையைத் தாண்டாது

டீச்சர் வந்த முதல் நாள் செய்த முதல் காரியம், கூட்ட அறையிலிருந்த நாற்காலிகளையெல்லாம் வெளியே எடுத்துப் போடச் சொன்னதுதான். எட்டுப் பேர் கொண்ட அந்தக் குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"உக்காந்தா ஒரு மணி நேரம் பேசுவோம். நின்னா கால் வலிக்கும், கால் மணி நேரத்துல முடிச்சிடுவோம்," என்றாள் அவள்.

"எனக்கு ஏற்கனவே கால் வலிதான்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கே அவளுக்கு டீச்சர் என்று பெயர் விழுந்துவிட்டது. கேலியாக வைத்த பெயர்தான். போகப் போக அதில் மரியாதை ஏறிக்கொண்டது.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. பதினைந்து வருடம் நிரல் எழுதிவிட்டு, பிறகு ஒவ்வொரு அலுவலகமாகப் போய் அஜைல் முறையைச் சொல்லிக்கொடுப்பதையே தொழிலாக்கிக்கொண்டவள். ஒரு மென்பொருளை இரண்டு வருடம் மூடி வைத்துச் செய்து, கடைசி நாளில் திறந்து காட்டி வாங்கிக் கட்டிக்கொள்வதை விட, சின்னச் சின்னத் துண்டாகச் செய்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காட்டித் திருத்திக்கொள்வது மேல் என்கிற முறை அது. சொல்லும்போது சுலபமாக இருக்கும். செய்ய வரும்போதுதான் ஆளாளுக்கு ஒரு சாக்கு கிளம்பும்.

அந்த நிறுவனத்துக்கு அது தேவைப்பட்டது. எந்தப் பேருந்தை எந்த ஓட்டுநர் எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று முடிவு செய்யும் மென்பொருளைப் பணிமனைகளுக்குச் செய்து கொடுப்பவர்கள் அவர்கள். சென்ற முறை இரண்டு வருடம் உழைத்துக் கொடுத்தது, முதல் நாளே ஒரே ஓட்டுநரை ஒரே நேரத்தில் இரண்டு பேருந்துகளில் ஏற்றியது. நாற்பது பேருந்துகளுக்கு ஆளே போடவில்லை. பணிமனைக்காரர்கள் போனில் பேசிய பேச்சில் மேலாளரின் காது இரண்டு நாள் சிவந்திருந்ததாகச் சொல்வார்கள். அவர்தான் ஆறு மாத ஒப்பந்தத்தில் டீச்சரை வரவழைத்தார்.

அவள் அறைச் சுவரை மூன்று பத்தியாகப் பிரித்தாள். செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, செய்து முடித்தது. ஒவ்வொரு வேலையும் ஓர் ஒட்டுச்சீட்டு. தினமும் காலையில் எல்லோரும் அந்தச் சுவர் முன்னால் நின்று மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நேற்று என்ன செய்தீர்கள், இன்று என்ன செய்யப்போகிறீர்கள், தடை ஏதாவது இருக்கிறதா. இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, எது நன்றாகப் போனது, எது போகவில்லை என்று சீட்டில் எழுதி எதிர்ச்சுவரில் ஒட்டிப் பேச வேண்டும்.

"ஒரே ஒரு சட்டம்தான்," என்றாள் முதல் வெள்ளிக்கிழமையன்று. "இங்க சொல்றது இந்த அறையைத் தாண்டாது. மத்ததெல்லாம் என் யோசனை, வேணும்னா மாத்திக்கலாம். இது மட்டும் சட்டம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் யாரும் நம்பவில்லை. முதல் இரண்டு மாதம் வந்த சீட்டுகளெல்லாம் ஏசி குளிர் அதிகம், காப்பி மெஷின் கெட்டுக் கிடக்கிறது என்ற ரகம்தான். டீச்சர் அவசரப்படவில்லை. காப்பி மெஷினைச் சரிசெய்ய ஆளைக் கூட்டி வந்தாள்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை, நிரலைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் வேலையிலிருந்த பெண் வாயைத் திறந்தாள். சின்னத் தவறைக்கூட விடாமல் பிடித்துவிடுவதால் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். "போன வாரம் ஒரு பகுதியைச் சோதிக்காமலே சோதிச்சுட்டேன்னு சொல்லிட்டேன். எனக்கு நேரமே இல்ல," என்றாள். குழுத் தலைவனான கேப்டன், முப்பத்தைந்து வயதுக்காரன், "இப்பவாவது சொன்னீங்களே. திங்கக்கிழமை நானும் வர்றேன், சேர்ந்தே பாத்துடலாம்," என்றான். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மேலே யாருக்கும் தெரியவும் இல்லை. அதன் பிறகுதான் சீட்டுகளில் உண்மை வரத் தொடங்கியது.

அதற்கடுத்த கூட்டத்தில் நிதானம் எழுதினார்.

நிதானம் அந்த நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். ஐம்பத்தொரு வயது. எதைக் கேட்டாலும் "நிதானமா பாக்கலாம்" என்பார். அதனால் அந்தப் பெயர். ஓட்டுநரையும் பேருந்தையும் பொருத்துகிற நிரலின் நடுப்பகுதி முழுக்க அவர் கை. எப்போதும் பச்சை மையில் எழுதுவார். எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருக்கும். சுவரிலிருந்து மிகக் குறைவான சீட்டுகளை எடுத்தவரும் அவர்தான். வயதாகிவிட்டது, புது முறை பிடிபடவில்லை போலிருக்கிறது என்று டீச்சர் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று தன் சீட்டை அவரே வாசித்தார். "நேத்து நான் எழுதின கோட் இன்னிக்கு எனக்கே புரியல. மறந்து போகுது. டாக்டரைப் பாத்தேன். இது சரியாகாதாம். பயமா இருக்கு."

வாசித்துவிட்டுச் சீட்டைச் சுவரில் ஒட்டினார். அது ஒட்டாமல் விழுந்தது. குனிந்து எடுத்து, கட்டைவிரலால் அழுத்தி மறுபடி ஒட்டினார்.

"தடை ஏதாவது இருக்கான்னு தினம் கேக்கறீங்க," என்றார் டீச்சரிடம். "தினம் இல்லன்னு சொல்லிட்டிருந்தேன். சலிச்சுப் போச்சும்மா."

பூதக்கண்ணாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். கேப்டன்தான் பேசினான். "அண்ணா, இனிமே நீங்க தனியா உக்கார வேண்டாம். ஒரு மெஷின்ல ரெண்டு பேரா உக்காரலாம். நீங்க சொல்லுங்க, நாங்க அடிக்கிறோம். தினம் ஒருத்தர்."

ஒரே கணினியில் இருவர் சேர்ந்து எழுதுவது டீச்சர் சொல்லிக்கொடுத்த முறைதான். அதுவரை அதை வேண்டா வெறுப்பாகச் செய்தவர்கள், அந்தத் திங்கட்கிழமையிலிருந்து யார் அவர் பக்கத்தில் உட்காருவது என்று முறை போட்டுக்கொண்டார்கள். அவருக்குக் காலையில் தெளிவு அதிகம். அதனால் கடினமான பகுதிகளைப் பதினொரு மணிக்குள் வைத்துக்கொண்டார்கள். பாதியில் நூல் அறுந்து அவர் விழித்தால், பக்கத்திலிருப்பவர் இரண்டு வரி பின்னால் போய், "இங்க ஓட்டுநரோட ஓய்வு நேரத்தைப் பாத்துட்டு இருந்தோம்ணா," என்று எடுத்துக் கொடுப்பார். மறுபடி ஓடத் தொடங்கிவிடுவார். வேலை சின்னச் சின்னத் துண்டாக இருந்தது அவருக்குத் தோதாகப் போயிற்று. ஒரு துண்டை மனதில் வைத்துக்கொள்ள அவரால் முடிந்தது.

மற்ற சீட்டுகளை அடுத்த கூட்டத்துக்கு முன்னால் கிழித்துவிடுவார்கள். அவர் சீட்டை எடுக்கப்போனபோது அவரே தடுத்துவிட்டார். "இருக்கட்டும். அதைப் பாக்கும்போது உங்ககிட்ட சொல்லிட்டேன்னு ஞாபகம் வரும். இல்லன்னா மறுபடி ஒளிக்க ஆரம்பிச்சிடுவேன்."

நான்காவது மாத முடிவில் புதிய பதிப்பு மூன்று பணிமனைகளுக்குப் போனது. முதல் நாள் எந்தப் போனும் வரவில்லை. இரண்டாம் நாள் ஒரு போன் வந்தது. எல்லோரும் பயந்துகொண்டே எடுத்தார்கள். பணிமனை மேற்பார்வையாளர், இத்தனை வருடத்தில் முதல் முறையாகக் காலையில் தன்னிடம் யாரும் சண்டைக்கு வரவில்லை என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார். அன்று நிதானம் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் வாங்கிக் கொடுத்தார். எட்டுப் பேரும் இரண்டாவது கோப்பையையும் ஒரு வார்த்தை பேசாமல் குடித்தார்கள்.

டீச்சருக்குத் தன் தொழிலில் அப்படியொரு குழு அமைந்ததே இல்லை. மாத அறிக்கை எழுத உட்கார்ந்தபோது அந்தப் பெருமை அவள் கையைப் பிடித்து இழுத்தது. முடித்த வேலைகளின் கணக்கைப் போட்டாள். தவறுகள் குறைந்த கணக்கைப் போட்டாள். அது வறட்சியாக இருந்தது. இந்த அறையில் மனிதர்கள் எப்படி மனம்விட்டுப் பேசுகிறார்கள் என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா? போனை எடுத்து வெள்ளிக்கிழமைச் சுவரை ஒரு படம் எடுத்தாள். சின்னத் திரையில் மஞ்சளும் நீலமும் இளஞ்சிவப்புமாகச் சதுரங்கள் தெரிந்தன, அழகாக இருந்தது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அதைச் சேர்த்து அனுப்பிவிட்டாள்.

பத்து நாள் கழித்து நிதானத்தை மேலே கூப்பிட்டார்கள். அரை மணி நேரத்தில் ஓர் அட்டைப்பெட்டியோடு இறங்கி வந்தார். உடல்நிலை கருதி ஓய்வு. இன்றிலிருந்தே. கணினிக்குள் நுழைய அவருக்கிருந்த அனுமதியை அவர் படியிறங்குவதற்குள் நீக்கிவிட்டிருந்தார்கள்.

"எப்படித் தெரிஞ்சுது அவங்களுக்கு?" என்றான் கேப்டன்.

"தெரியல. நான் எழுதின வார்த்தையை அப்படியே சொல்றாரு மேனேஜர்." நிதானம் மேசை இழுப்பறையைத் திறந்து வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார், "நானே போய்ச் சொல்லியிருப்பேனோ? சொல்லிட்டு மறந்திருப்பேனோ?"

டீச்சருக்குத் தான் எடுத்த படம் நினைவுக்கு வந்தது. தன் மேசைக்குப் போய் அறிக்கையைத் திறந்தாள். கடைசிப் பக்கத்துப் படத்தைப் பெரிதாக்கினாள். வலது மூலையில் இடப்பக்கம் சாய்ந்த பச்சை எழுத்து, ஒவ்வொரு எழுத்தும் துலக்கமாக இருந்தது. பயமா இருக்கு என்பது வரை வாசிக்க முடிந்தது.

அவள் நேராக மேலாளரிடம் போனாள்.

"நீங்க அனுப்பின படம்தானே மேடம்," என்றார் அவர். கோபக்காரர் இல்லை. சோர்ந்துதான் இருந்தார். "பாத்துட்டுப் பாக்காத மாதிரி இருக்க முடியுமா? தப்பான ஷிஃப்ட் விழுந்து, தூங்காத டிரைவர் ஒருத்தர் வண்டி எடுத்து ஏதாவது ஆச்சுன்னா, முன்னாடியே தெரியுமான்னு என்னைத்தான் கேப்பாங்க."

"அவர் தனியா எழுதறதில்ல சார். பக்கத்துல எப்பவும் ஒருத்தர் இருக்காங்க. எல்லாத்தையும் சோதிக்கிறாங்க."

"அப்ப அந்த ஒருத்தரே போதுமே."

அதற்குப் பதில் இருந்தது என்பது அவளுக்குப் படியிறங்கும்போதுதான் தெரிந்தது. அந்த ஒருவருக்கு, நிதானம் ஒவ்வொன்றையும் ஏன் அப்படி எழுதினார் என்று தெரியாது. திரும்பிப் போய் அதையும் சொன்னாள். மேலாளர் கேட்டுக்கொண்டார், குறித்தும் கொண்டார்.

கீழே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. வாரா வாரம் மேலே போய் மேலாளரைப் பார்ப்பவன் கேப்டன் ஒருவன்தான். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அவன்தான் போய்ச் சொல்லியிருப்பான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் வந்தால் பேச்சு நின்றது. சாப்பிடப் போகும்போது அவனை விட்டுவிட்டுப் போனார்கள். பூதக்கண்ணாடி அவனுக்கு முகம் கொடுத்தே பேசவில்லை. டீச்சர் அதைக் கண்டாள். இன்று சொல்லிவிடலாம் என்று காலையில் கிளம்புவாள். சுவர் முன்னால் நின்றதும் வழக்கமான மூன்று கேள்விகளையே கேட்டு முடித்துவிடுவாள். சொன்னால் இந்தக் குழு உடைந்துபோகும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். அது ஏற்கனவே உடைந்துகொண்டிருந்தது.

இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஏழு சீட்டுகள் சுவருக்கு வந்தன. ஏழிலும் ஒரே வாசகம்தான், கூடிப் பேசி வைத்ததைப் போல. எல்லாம் நன்றாகப் போகிறது.

டீச்சர் தன் அக்காவோடு ஒரு மூன்றாவது மாடி வீட்டில் இருந்தாள். அக்கா மருத்துவமனையில் நர்ஸ். அந்தச் சனிக்கிழமை காலை ஏழரைக்கு, இரவு வேலை முடிந்து வந்த அக்கா, வெந்நீர் வாளிக்குள் காலை வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அக்கா அவளைச் சமாதானப்படுத்தவில்லை. "வார்டுல மருந்து மாத்திக் குடுத்துட்டா என்ன செய்வோம் தெரியுமா? முதல்ல டாக்டர்கிட்ட சொல்லணும். அப்புறம் நோயாளிகிட்ட சொல்லணும். அழறதெல்லாம் அதுக்கப்புறம், பாத்ரூம்ல. நீ முதல்லயே அழுதுட்டு உக்காந்திருக்க."

"சொன்னா அவருக்கு வேலை திரும்பக் கிடைச்சுடுமா அக்கா?"

"கிடைக்காது. ஆனா தானே உளறிட்டோம்னு அந்த மனுஷன் நினைச்சுட்டு இருக்காரேடி." அக்கா காலைத் துண்டால் துடைத்துக்கொண்டாள். "அதுக்கு மருந்து உன்கிட்டதான் இருக்கு."

திங்கட்கிழமை காலை, யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால் டீச்சர் சொல்லிவிட்டாள். எதையும் பூசி மெழுகவில்லை. படம் எடுத்தது, அனுப்பியது, அன்றைக்கே தெரிந்தும் பதினேழு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாம்.

பூதக்கண்ணாடிதான் முதலில் பேசினாள். "நீங்கதானே சொன்னீங்க, இந்த அறையைத் தாண்டாதுன்னு." குரல் உயரவில்லை. வேறு எந்தத் தவறைச் சுட்டிக்காட்டும்போதும் இருக்கிற அதே குரல்.

மற்றவர்கள் கேப்டனைப் பார்த்தார்கள். ஒருவன் அவன் தோளைத் தொட வந்தான். கேப்டன் நகர்ந்துகொண்டான்.

"பதினேழு நாளா என்கூட யாரும் சாப்பிடல டீச்சர்," என்றான். "நீங்க தினம் பாத்துட்டுத்தான் இருந்தீங்க."

அவள் தலை குனிந்தாள். படம் அனுப்பியது அறியாமல் நடந்தது, அதற்கு மன்னிப்புக் கேட்கலாம். இதற்கு எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டாள். அவன் சரி என்றான்.

அன்று மாலையே நிதானத்தின் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி கதவைத் திறந்தார். துணிக்கடை ஒன்றில் அளவு திருத்தித் தைத்துக் கொடுக்கிற வேலை அவருக்கு. கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. நிதானம் முன்னறையில் கசங்கிய சட்டையோடு உட்கார்ந்திருந்தார். முகத்தில் நான்கு நாள் தாடி. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"உக்காருங்க டீச்சர். நின்னா கால் வலிக்கும்," என்றார். சிரிக்கவும் செய்தார்.

அவள் சொல்லி முடிக்கும் வரை அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் கேட்டார், "அப்ப நான் சொல்லல?"

"நீங்க சொல்லல. நான் அனுப்பின படத்துல இருந்துச்சு."

"நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லல."

"இல்லண்ணா."

அவர் நீளமாக மூச்சு விட்டார். "எங்க சொன்னேன், எப்ப சொன்னேன்னு யோசிச்சு யோசிச்சு மண்டையே வெடிச்சுடும் போல இருந்துச்சு," என்றார் மனைவியின் பக்கம் திரும்பி. "கேட்டியா, நான் சொல்லலையாம்." ஒரு நல்ல செய்தியைச் சொல்வதைப் போலச் சொன்னார். டீச்சர்மேல் அவருக்குக் கோபமே வரவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது.

மனைவி வாசல் வரை கூடவே வந்தார். கதவைப் பாதி சாத்திக்கொண்டு பேசினார்.

"வேலை இருந்த வரைக்கும் ஆறு மணிக்கு எழுந்து, ஷேவ் பண்ணி, சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கிளம்பிடுவாரு. இப்ப மத்தியானம் வரைக்கும் கட்டில்ல. வேலைக்குப் போயிட்டு இருக்கற வரைக்கும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு." நாடாவைக் கையில் சுற்றினார், பிரித்தார். "நீங்க வந்து சொல்லிட்டீங்க, உங்க பாரம் இறங்கிடுச்சு. நான் எங்கம்மா கொண்டுபோய் இறக்கி வைக்கறது?"

டீச்சர், "நீங்க கடைக்குப் போற நேரத்துல இவரை யாரு பாத்துக்கறாங்க?" என்று கேட்டாள்.

"பக்கத்து வீட்ல ஒருத்தங்க எட்டிப் பாப்பாங்க. சனிக்கிழமை அவங்களும் இருக்க மாட்டாங்க. கதவைப் பூட்டிட்டுத்தான் போறேன்."

ஒப்பந்தம் ஆறு மாதத்தோடு முடிந்தது. நிதானத்தைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி டீச்சர் நிர்வாகத்துக்கு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் மரியாதையான பதில்கள் வந்தன. பேருந்துகள் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. கேப்டன் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டான். மீதிப் பேர் இன்னமும் காலையில் நிற்கிறார்கள் என்றும், தடை இருப்பதாக யாரும் சொல்வதில்லை என்றும் பூதக்கண்ணாடி ஒருமுறை எழுதியிருந்தாள். டீச்சருக்கு வேறு இடங்களில் வேலை கிடைத்தது. சொல்லிக்கொடுப்பதை அவள் விடவில்லை. ஆனால் அறையைத் தாண்டாது என்ற அந்த வாக்கை மட்டும் அதன் பிறகு எந்த அறையிலும் அவள் கொடுக்கவில்லை.

சனிக்கிழமைகளில் நிதானத்தின் வீட்டுக்குப் போனாள். மனைவி கதவைத் திறப்பார், செருப்பை மாட்டுவார், கிளம்பிவிடுவார். காப்பி வேண்டுமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் நிதானத்துக்கு ஷேவ் செய்துகொள்ளத் தண்ணீர் எடுத்து வைப்பாள். இருவரும் தெருமுனைப் பூங்கா வரை நடப்பார்கள். முதல் சில மாதம் அவர் நிரலைப் பற்றிப் பேசினார். பிறகு பூங்காவிலிருக்கிற நாய்களைப் பற்றிப் பேசினார். பிறகு பேச்சு குறைந்தது.

இரண்டாம் வருடம் ஒரு சனிக்கிழமை, மழையில் மனைவி வரத் தாமதமாகிவிட்டது. நிதானம் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். டீச்சர் எத்தனை சொல்லியும் உட்காரவில்லை. மனைவி நனைந்த புடவையோடு உள்ளே வந்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே காதருகில் குனிந்து, டீச்சருக்கும் கேட்கும்படியாக, "இந்தம்மா யாரு? ரொம்ப நேரமா இங்கயே இருக்காங்க," என்றார்.

மனைவி குடையை மடக்கி மூலையில் வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டீச்சரைப் பார்த்தார்.

"தெரிஞ்சவங்கதான்," என்றார் அவரிடம். பிறகு டீச்சரிடம், "அடுத்த வாரம் ஒரு மணி நேரம் முன்னாடி வர முடியுமா? கடையில வேலை அதிகம்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டு டீச்சர் படியிறங்கினாள். மழை இன்னும் விட்டபாடில்லை.